ஒரு பப்ஸுக்குள் இருக்கும் 100 வருட வரலாறு (நீளமான த்ரெட்)

1/ தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் எந்த வீட்டுப் பிறந்தநாளுக்குப் போனாலும் பேப்பர் தட்டில் என்ன இருக்கும்னு இப்பவே சொல்லிடலாம். ஒரு துண்டு கேக், ஒரு கைப்பிடி சிப்ஸ், ஒரு பப்ஸ். ஆபீஸ் மீட்டிங்கா? கேக்குக்குப் பதில் டீ. பப்ஸ் மட்டும் மாறாது.

2/ "டாக்டர், பப்ஸ் சாப்பிடலாமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. 1970-ல் சாப்பிட்ட பப்ஸும், 2010-ல் சாப்பிட்டதும், இன்று சாப்பிடுவதும் ஒரே பண்டம் இல்லை. பெயரும் வடிவமும் அப்படியே இருக்கு. உள்ளே இருக்கும் கொழுப்பு மாறிக்கிட்டே வந்திருக்கு. அந்தக் கதைதான் இந்த த்ரெட். கடைசியில் வீட்டுப் பார்ட்டிக்கு நீங்களே செய்யும் முறையும் இருக்கு.

3/ முதலில், பப்ஸ் எப்படி உப்புது? ஈஸ்ட் கிடையாது, சோடா கிடையாது. மைதா மாவைப் பரப்பி, நடுவில் கொழுப்பை வைத்து மூடி, தேய்த்து, மூன்றாக மடிப்பார்கள். திரும்பத் தேய்த்து, திரும்ப மூன்றாக மடிப்பார்கள். 3, 9, 27, 81, 243, 729. ஆறே மடிப்பில் 729 அடுக்கு!

4/ அடுப்பின் சூட்டில் மாவிலும் வெண்ணெயிலும் இருக்கும் தண்ணீர் ஆவியாகி, பல நூறு மடங்கு விரிந்து, ஒவ்வொரு அடுக்கையும் தூக்குது. அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பார்த்துக்கொள்வது கொழுப்பு. அதனால் கொழுப்புக்கு ஒரு நிபந்தனை உண்டு. அடுப்புக்குப் போகும்வரை அது உருகக் கூடாது. உருகி மாவோடு கலந்துவிட்டால் அடுக்கே இல்லை, பிஸ்கட் மாதிரி ஏதோ ஒன்று கிடைக்கும்.

5/ நம்ம ஊருக்கும் அடுக்கு மாவு புதுசு இல்லை. பரோட்டா அடுக்குதானே? கர்நாடகத்து சிரோட்டி, நெய் தடவி அடுக்கிப் பொரிப்பதுதானே? ஆனால் பரோட்டா கல்லிலும் சிரோட்டி எண்ணெயிலும் வேகுது. இரண்டுக்குமே கொழுப்பு இறுகியிருக்க வேண்டிய அவசியம் பெரிதாக இல்லை. ஐரோப்பிய பப்ஸ் குளிர் நாட்டில் பிறந்தது. இறுகிய வெண்ணெயை நம்பியது.

6/ வெண்ணெய் சுமார் 32 முதல் 35 டிகிரியில் உருகிடும். அதற்கு முன்பே, இருபதைத் தாண்டியதுமே குழைய ஆரம்பிச்சிடும். தாம்பரத்தில் மே மாதம் பகல் வெயில் 40-ஐத் தொடும். பேக்கரியில் அடுப்பு வேற எரியுது. இந்தச் சமையலறையில் வெண்ணெய் பப்ஸ் மடிப்பது நடக்கிற காரியமா?

7/ வெள்ளைக்காரர்களுக்கும் இந்தப் பிரச்சனை இருந்தது. மெரினாவில் நிற்கும் விவேகானந்தர் இல்லத்தின் பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவில் குளத்தில் உறைந்த பனிக்கட்டியை வெட்டி, கப்பலில் ஏற்றி, பாதி உலகம் சுற்றிக் கொண்டுவந்து சென்னையில் விற்றார் ஃபிரெடெரிக் டியூடர் என்ற வியாபாரி. அதைச் சேமித்து வைக்க 1842-ல் எழுந்த கட்டடம் அது. இந்த ஊரில் குளிர்ச்சி என்பது ஒரு காலத்தில் கப்பலில் வந்த பணக்காரச் சரக்கு.

8/ ஆகவே சாதாரண மக்களுக்கான பப்ஸ் வர இரண்டு விஷயம் தேவைப்பட்டது. ஒன்று, பேக்கரித் தொழில் தெரிந்த ஆட்கள். இரண்டு, நம்ம வெயிலில் உருகாத, விலை குறைந்த கொழுப்பு. இரண்டும் தனித்தனி வழியில் வந்து சேர்ந்தன.

9/ ஆட்கள் முதலில். 1880-ல் மம்பள்ளி பாபு என்பவர் கேரளத்துத் தலச்சேரியில் ராயல் பிஸ்கட் ஃபேக்டரியைத் தொடங்கினார். 1883-ல் அவர் செய்த கிறிஸ்துமஸ் கேக்கைத்தான் இந்தியர் செய்த முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று அந்த ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். அந்த வட்டாரத்தில் வேரூன்றிய பேக்கரித் தொழில் பிறகு மலையாளிகளோடு ஊர் ஊராகப் பயணம் போனது. நம்ம பக்கம் டீக்கடையோடு சேர்ந்த பேக்கரி என்றாலே 'சேட்டன் கடை'தான். முட்டை பப்ஸ் இந்த வழி.

10/ இன்னொரு வழி பெங்களூர். ஹாசன் பகுதியிலிருந்து வந்த ஐயங்கார் குடும்பங்கள் அங்கே முட்டை சேர்க்காத பேக்கரிகளை வளர்த்தன. பிரெட் பேக்கரி என்றாலே ஆச்சாரக் குறைவு என்று ஒதுங்கிய வீடுகளுக்குள்ளும் பன்னும் பப்ஸும் நுழைந்தது இவர்களால்தான். இன்று கிழக்குத் தாம்பரத்திலும் மேற்குத் தாம்பரத்திலும் 'பெங்களூர் ஐயங்கார் பேக்கரி' போர்டுகளை எண்ணிப் பாருங்க. வெஜ் பப்ஸுக்கு இந்த வழி. (இப்ப அந்தப் போர்டு மாட்டிய கடை எல்லாத்திலும் முட்டை கிடையாதுன்னு நம்பிடாதீங்க. சைவக்காரங்க கேட்டு வாங்குறது நல்லது.)

11/ வாங்குவதற்கும் ஆள் வேணுமே? பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் ராணுவக் குடியிருப்பும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் இருந்தன. 1931-ல் பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. 1937-ல் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டு தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. ரயிலும் கல்லூரியும் ராணுவமும் உள்ள ஊரில் கையில் பிடித்து நின்றபடியே சாப்பிடும் பண்டத்துக்கு எப்பவும் கிராக்கி உண்டு.

12/ இனி கொழுப்பு. 1869-ல் பிரான்ஸில் மூன்றாம் நெப்போலியன் காலத்தில், வெண்ணெய்க்கு மலிவான மாற்று தேடி மெஜ்-மூரியே என்ற வேதியியலாளர் மாட்டுக் கொழுப்பிலிருந்து மார்கரின் செய்தார். அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய திருப்பம். 1902-ல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் நார்மன், திரவ எண்ணெய்க்குள் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தி அதைக் கெட்டியாக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார்.

13/ இது வியாபாரிகளுக்கு ஒரு வரம். மலிவான தாவர எண்ணெய், நெய் மாதிரி கெட்டியாகும். எவ்வளவு ஹைட்ரஜன் ஏற்றுகிறோமோ அதைப் பொறுத்து எந்தச் சூட்டில் உருக வேண்டும் என்பதையும் தீர்மானிக்கலாம். மாதக்கணக்கில் கெடாது. சென்னை வெயிலில் பப்ஸ் மடிக்க இதைவிட என்ன வேணும்?

14/ இந்தியாவில் இதற்குப் பெயர் வனஸ்பதி. லீவர் நிறுவனத்தின் பிராண்ட் 1937-ல் வந்தது. பெயர் டால்டா. அதற்கு முன்பு 'டாடா' என்ற பெயரில் இறக்குமதி வனஸ்பதி விற்றுக்கொண்டிருந்தது. நடுவில் லீவரின் 'ல்' சேர்ந்து டால்டா ஆனது என்பார்கள். மஞ்சள் டப்பா, அதில் பச்சை மரம். காலியான டால்டா டப்பாவில் துளசி வளர்க்காத தெரு தமிழ்நாட்டில் இருந்திருக்காது.

15/ எதிர்ப்பும் இருந்தது. காந்தி வனஸ்பதியைக் கண்டித்து எழுதினார். நெய்யில் கலப்படம் செய்ய இது வசதி என்பது பெரிய புகார். அதனால்தான் வனஸ்பதியில் 5 சதவீதம் நல்லெண்ணெய் கட்டாயம் சேர்க்கணும் என்று விதி வந்தது. ஏன் நல்லெண்ணெய்? ஒரு எளிய ரசாயனச் சோதனையில் அது சிவப்பு நிறம் காட்டிக் கொடுத்துவிடும். நெய் என்று விற்பதில் சிவப்பு வந்தால் வனஸ்பதி கலந்திருக்கு. கெட்டிக்காரத்தனமான யோசனை.

16/ கவனிச்சீங்களா? அரசு, மக்கள், தலைவர்கள் எல்லாரும் நெய் சுத்தமா இல்லையா என்று சண்டை போட்டாங்க. வனஸ்பதிக்குள்ளேயே என்ன இருக்கு என்பது அப்போது பெரிய கேள்வியாகவே இல்லை.

17/ உள்ளே இருந்தது டிரான்ஸ் கொழுப்பு. எளிமையாகச் சொன்னால், எண்ணெயின் மூலக்கூறு இயற்கையில் வளைந்து இருக்கும். வளைந்த குச்சிகளை நெருக்கி அடுக்க முடியாது, அதனால் எண்ணெய் திரவம். ஹைட்ரஜனைப் பாதி ஏற்றி நிறுத்தும்போது மிச்சமுள்ள பலதும் நிமிர்ந்து நேராகிடுது. நேரான குச்சிகள் நெருக்கமாக அடுங்கும், அதனால் கெட்டி. நம்ம உடம்பு இந்த நேரான குச்சியைக் கையாளத் திணறுது.

18/ இதை முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் அமெரிக்க விஞ்ஞானி ஃபிரெட் கும்மெரோவ். 1957-லேயே இறந்தவர்களின் உடல் திசுக்களில் டிரான்ஸ் கொழுப்பு சேர்ந்திருப்பதைக் காட்டினார். யாரும் பெரிதாகக் காது கொடுக்கவில்லை. விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். 2009-ல், 94 வயதில், அமெரிக்க அரசிடம் மனு கொடுத்தார். பதில் வராததால் 2013-ல் வழக்கே போட்டார். 2015-ல் அமெரிக்கா இந்தக் கொழுப்பைப் பாதுகாப்பற்றது என்று அறிவித்தபோது அவருக்கு வயது 100!

19/ நடுவில் 1990-ல் நெதர்லாந்தில் மென்சிங்க், கட்டன் இருவரும் செய்த ஆய்வு முக்கியமானது. டிரான்ஸ் கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுது. அதோடு நல்ல கொலஸ்ட்ராலையும் இறக்குது. நெய்யிலும் வெண்ணெயிலும் உள்ள நிறைவுற்ற கொழுப்பு முதல் வேலையை மட்டும் செய்யும். இது இரண்டு பக்கமும் அடிக்குது.

20/ 2006-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் கிடைத்த கணக்கு: தினசரி கலோரியில் 2 சதவீதம் டிரான்ஸ் கொழுப்பிலிருந்து வந்தால் இதய ரத்தக்குழாய் நோய் சுமார் 23 சதவீதம் கூடுது. 2000 கலோரி சாப்பிடுபவருக்கு 2 சதவீதம் என்பது நாலரை கிராம்கூட இல்லை. ஒரு டீஸ்பூன்!

21/ இப்ப பழைய பப்ஸைக் கணக்குப் போடுவோம். ஒரு பேச்சுக்கு, ஒரு பெரிய பப்ஸில் 15 கிராம் கொழுப்பு, அதில் ஐந்தில் ஒரு பங்கு டிரான்ஸ் என்று வைங்க. 3 கிராம் ஆச்சு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுதுக்கும் சொல்லும் உச்சவரம்பு 2.2 கிராம். சாயங்காலம் டீயோடு ஒரே ஒரு பப்ஸ், அன்றைய கணக்கு முடிஞ்சு தாண்டியும் போச்சு. இதைத் தினமும் செய்தவர்கள் எத்தனை பேர்? யாருக்கும் தெரியாமலே நடந்த விஷயம் இது.

22/ இந்த ஊரின் மருத்துவ வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால் இன்னும் உறைக்கும். சானடோரியம் ஸ்டேஷன் பெயர் எங்கிருந்து வந்தது? 1928-ல் டாக்டர் சௌரி முத்து இங்கே காசநோயாளிகளுக்காக ஒரு சானடோரியம் தொடங்கினார். 1937-ல் அரசு அதை எடுத்துக்கொண்டது. ஆமாம், டால்டா வந்த அதே வருஷம்.

23/ அன்று காசநோய்க்கு மருந்து கிடையாது. உலகம் முழுக்க சானடோரிய வைத்தியம் என்பது சுத்தமான காற்று, ஓய்வு, பால், முட்டை, வெண்ணெய். உடம்பு தேறணும், அதுதான் மருந்து. பிறகு மருந்து வந்தது. சென்னையில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தபடி, ஏழைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டே மாத்திரை எடுத்தாலும் சானடோரியத்தில் படுத்திருப்பவருக்கு ஏறக்குறைய இணையாகக் குணமாகும் என்று 1959-ல் நிரூபித்தது. உலகமே தன் வைத்திய முறையை மாற்றிக்கொண்டது.

24/ கொழுப்பு என்றால் தெம்பு என்று நம் தாத்தா பாட்டி நினைத்ததற்குக் காரணம் முட்டாள்தனம் கிடையாது. அவர்கள் பார்த்து பயந்த நோய் உடம்பை உருக்கும் நோய். நாம் பார்த்து பயப்படும் நோய் ரத்தக்குழாயை அடைக்கும் நோய். பயம் மாறிடுச்சு. பழக்கம் மாற நேரம் எடுக்குது.

25/ சட்டம் எப்போ வந்தது? 2003-ல் டென்மார்க் முதல் நாடாக 2 சதவீத வரம்பு போட்டது. 2009-ல் டெல்லியின் அறிவியல், சுற்றுச்சூழல் மையம் நம்ம கடை வனஸ்பதிகளைச் சோதித்தபோது, டென்மார்க் வரம்பைப் போல 5 முதல் 12 மடங்கு இருந்தது. இந்தியாவில் முதலில் 10 சதவீத வரம்பு, பிறகு 5, 2021 ஜனவரியில் 3, 2022 ஜனவரி முதல் 2 சதவீதம். உணவுப் பாதுகாப்பு ஆணையம் செய்த நல்ல காரியங்களில் இது ஒன்று. கைதட்டலாம்.

26/ ஆனால் கைதட்டிவிட்டு எழுந்து போயிடாதீங்க. ஹைட்ரஜன் ஏற்றிய கொழுப்பு போன இடத்தில் பெரும்பாலும் பாமாயிலைப் பிரித்துக் கெட்டியாக்கிய மார்கரின் வந்து உட்கார்ந்திருக்கு. அது வெயிலில் இறுகி நிற்பதற்குக் காரணம் அதிலுள்ள நிறைவுற்ற கொழுப்பு, ஏறக்குறைய பாதி. "டிரான்ஸ் ஃபேட் இல்லை" என்றால் "இதயத்துக்கு நல்லது" என்று அர்த்தம் இல்லை. முன்பைவிடக் கெடுதல் குறைவு, அவ்வளவுதான்.

27/ இன்னொரு சிக்கல். பாக்கெட் பிஸ்கட்டுக்கு லேபிள் உண்டு. கண்ணாடி அலமாரியில் இருக்கும் பப்ஸுக்கு லேபிள் கிடையாது. "என்ன மார்கரின் போடுறீங்க அண்ணே?" என்று கேட்பதில் தப்பில்லை. நல்ல கடைக்காரர் அட்டைப்பெட்டியையே காட்டுவார்.

28/ சரி, வீட்டுப் பார்ட்டிக்கு நாமே செய்வோமா? இன்று குளிர்ச்சி கப்பலில் வர வேண்டாம். ஃபிரிட்ஜ் இருக்கு, பெட்ரூமில் ஏ.சி. இருக்கு. உப்பில்லாத வெண்ணெயிலேயே செய்யலாம். 48 குட்டி பப்ஸுக்கு: மைதா 500 கிராம், ஐஸ் தண்ணீர் 250 மில்லி, உப்பு 1 டீஸ்பூன், எலுமிச்சைச் சாறு 1 டீஸ்பூன், வெண்ணெய் 300 கிராம்.

29/ மாவைப் பிசைந்து அரை மணி ஃபிரிட்ஜில் வைங்க. வெண்ணெயை இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் தட்டி, சதுரமாக்கி, அதையும் குளிர வைங்க. சூட்சுமம் இதுதான்: மாவும் வெண்ணெயும் ஒரே இறுக்கத்தில் இருக்கணும். வெண்ணெய் கல்லு மாதிரி இருந்தால் உள்ளே உடையும், குழைந்தால் வழியும். மாவில் வெண்ணெயைப் பொதிந்து, தேய்த்து மூன்றாக மடிங்க. ஒவ்வொரு இரண்டு மடிப்புக்கும் அரை மணி ஃபிரிட்ஜ். வெயில் காலத்தில் ஒவ்வொரு மடிப்புக்கும். காலையில் ஏ.சி. அறையில் ஒரு மேசை போட்டு ஆரம்பிச்சா வேலை சுலபம்.

30/ உள்ளே வைப்பது: வெங்காயம், இஞ்சி பூண்டு, மிளகாய்த்தூள், கரம் மசாலா, கறிவேப்பிலை, சுண்ட வதக்கணும். ஈரம் இருந்தால் அடி நமத்துப் போகும். சூடாக வைத்தால் வெண்ணெய் உருகும், நல்லா ஆற விடுங்க. குட்டி பப்ஸுக்குக் கோழி முட்டை பெருசு. வேகவைத்த காடை முட்டை பாதி வெட்டி வைங்க, பிள்ளைங்க துள்ளும். சைவத்துக்கு பீன்ஸ், கேரட், பட்டாணி. 200 டிகிரியில் 20 முதல் 25 நிமிஷம். முதல் 15 நிமிஷம் அடுப்புக் கதவைத் திறக்கவே கூடாது, ஆவி போயிடும்.

31/ கணக்கு: 300 கிராம் வெண்ணெயில் கொழுப்பு 240 கிராம். 48 ஆக வெட்டினால் ஒன்றுக்கு 5 கிராம், அதில் நிறைவுற்றது 3 கிராம் சொச்சம். நிரப்பியதையும் சேர்த்து சுமார் 100 கலோரி. நிறைவுற்ற கொழுப்பு ஒரு நாளைக்கு 22 கிராமுக்குள் இருக்கட்டும் என்பது பொதுவான அறிவுரை. ஆக இரண்டு குட்டி பப்ஸ் பிறந்தநாள் அன்று யாருக்கும் கெடுதல் செய்யாது. வெண்ணெய் ஆரோக்கியம் என்பதால் இதைச் சொல்லவில்லை. என்ன போட்டோம், எவ்வளவு போட்டோம் என்று நமக்குத் தெரியும், அதுதான் லாபம்.

32/ ஒரு மருத்துவ எச்சரிக்கை. முட்டை, சிக்கன் வைத்த பப்ஸை மேசையில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீங்க. 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் 1 மணி நேரம்தான். சில கிருமிகள் விடும் நஞ்சு, பிறகு எவ்வளவு சூடு பண்ணினாலும் போகாது. பாதியை அடுப்பில் வேகவைத்துப் பரிமாறிவிட்டு, மீதியை வேகவைக்காமல் ஃபிரிட்ஜில் வைத்திருந்து இரண்டாவது ஈடாகப் போடுங்க. வந்தவங்களுக்கும் சூடா கிடைக்கும்.

33/ இதய நோய் உள்ளவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், கொலஸ்ட்ரால் மாத்திரை எடுப்பவர்கள்: விசேஷத்துக்கு ஒரு குட்டி பப்ஸ், ஆசைக்கு. தினசரி டீயோடு வேண்டாம், அந்த இடத்தில் சுண்டல் இருக்கட்டும். சர்க்கரை உள்ளவர்கள் மைதாவையும் கணக்கில் சேர்த்துக்கோங்க. மாத்திரை போடுறோமே என்று இரண்டாவதுக்குக் கை நீட்ட வேண்டாம்.

34/ 1957-ல் ஒருவர் சொன்னது நம் தட்டுக்குச் சட்டமாக வந்து சேர 2022 ஆனது. 65 வருஷம். அந்த 65 வருஷத்தில் பப்ஸ் சாப்பிட்ட யாரும் தப்பு செய்யவில்லை, அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்லியாச்சு. அடுத்த முறை பேக்கரியில் ஒரு டஜன் பப்ஸ் ஆர்டர் கொடுக்கும்போது கொழுப்பு என்னன்னு கேளுங்க. இரண்டு பேர் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். இருபது பேர் கேட்டால் மாற்றுவார்.

பயனுள்ளதாக இருந்தால் வீட்டில் பிறந்தநாள் வரப்போகிறவர்களுக்கு அனுப்பி வைங்க.